பல்லு பறிச்ச வலிக்கு நாட்டு மருந்து: எது கொள்ளாம் (நல்லது), எது கொள்ளாது

மார்த்தாண்டத்துல பாலத்துக்கு கீழ இருந்து சந்தைக்கு போற வழியில ஒரு பழைய நாட்டு மருந்துக்கடை உண்டு. போர்டுல பெயிண்ட் எல்லாம் உதிர்ந்து பேரே படிக்க முடியாது, அதனால நானும் பேரு சொல்லல, அந்தப் பக்கம் போனா வாசனைய வச்சே கண்டுபிடிச்சிரலாம். எங்க ஊர் பெரியவங்க அங்காடிக்கடைன்னு தான் சொல்லுவாவ. இந்த ஒரு மாசத்துல அங்க மூணு தடவை போனேன், ரெண்டு தடவை சாமானம் வாங்கினேன், ஒரு தடவை கடைக்காரரே தரமாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாரு. இத எழுத உக்காந்ததே அந்த தராத தடவைக்காக தான்.

எனக்கு இடது பக்கம் கீழ கடைசிப் பல்லு, டாக்டர்மாரு விஸ்டம் டூத்துன்னு சொல்லுற ஞானப்பல்லு, பாதி வெளிய பாதி ஈறுக்குள்ள, முன்னால இருக்க பல்ல முட்டிக்கிட்டு சரிஞ்சு கிடந்துச்சு. திங்குறது எல்லாம் அந்த இடுக்குல போய் தங்கி, வருசத்துக்கு ரெண்டு தடவை ஈறு வீங்கும், உப்புத்தண்ணி கொப்பளிச்சா அடங்கும், நானும் அப்பிடியே நாலு வருசம் ஓட்டிட்டேன். இந்த தடவை அடங்கல. நான் மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், நாள் முழுக்க குனிஞ்சு சோல்டரிங் வேலை, தலைய கீழ கொண்டு போனாலே காது வரைக்கும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. சனிக்கிழமை சாயங்காலம் பல் டாக்டருக்கு போன் போட்டா திங்கக்கிழமை காலையில வாங்கன்னு சொல்லிட்டாங்க, ரெண்டு ராத்திரி தாண்டணும், அப்பதான் அம்மை சொன்னா கிராம்பு எண்ணெய் வாங்கி வைடேன்னு.

கடைக்குள்ள போனா சுவர் முழுக்க சின்னச் சின்ன மர டிராயர், அதுக்குள்ள வேரு, பட்டை, காயின்னு என்னென்னமோ. உள்ள இருக்க ஆளுக்கு எழுவது வயசுக்கு மேல இருக்கும், எல்லாரும் பாட்டான்னு (தாத்தான்னு) தான் கூப்பிடுறாங்க. கிராம்பு எண்ணெய் வேணும்னு சொன்னதும் அவரு எடுத்துத் தரல, முதல்ல ஒரு கேள்வி: "பல்லு நிக்குதா, பறிச்சாச்சா?"

நிக்குது பாட்டா, திங்கக்கிழமை தான் பறிக்கணும்னு சொன்னேன். செரின்னு 10 மில்லி குப்பி ஒண்ணு எடுத்தாரு, 150 ரூவா. எனக்கு விலை கூடுதலா தோணிச்சு, ஏன்னா பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில இதே அளவு 40 ரூவாய்க்கு பாத்திருக்கேன். மூஞ்சியில தெரிஞ்சிருக்கும் போல, பாட்டா ஒரு கண்ணாடி கிளாஸ்ல தண்ணி எடுத்து ரெண்டு சொட்டு விட்டாரு. எண்ணெய்ன்னா மிதக்கணும்லா? இது நேரா கீழ போய் முத்து மாதிரி அடியில உக்காந்திருச்சு. சுத்தமான கிராம்பு எண்ணெய் தண்ணிய விட கனம், அதனால தாழும், கடல எண்ணெயோ வேற எதுவோ கூட்டிக் கலந்திருந்தா மேல மிதக்கும்னு சொன்னாரு. வீட்டுக்கு போற வழியில நானும் விடல, அந்த 40 ரூவா குப்பியும் ஒண்ணு வாங்கிட்டு போய் அதே மாதிரி விட்டுப் பாத்தேன், வட்டமா பரந்து மேலேயே நின்னுச்சு, வாசனை மட்டும் கிராம்பு. வெள்ளப் பேப்பர்ல ஆளுக்கு ஒரு சொட்டு விட்டு வச்சேன், காலையில பாத்தா பாட்டா எண்ணெய் ஏறக்குறைய காஞ்சு போச்சு, அந்த 40 ரூவா சாமானம் வட பொட்டலம் மாதிரி கறையா இருக்கு.

முழு கிராம்பும் 50 கிராம் 70 ரூவாய்க்கு வாங்கினேன், அது நம்ம மாறாமலை சரக்கு. தெரியாதவங்களுக்கு சொல்லுறேன், கிராம்பு முதல்ல இந்தோனேசியா மலுக்குத் தீவுகள்ல இருந்து வந்த மரம் தான், ஆனா இப்ப மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலை பக்கம் நம்ம மாவட்டத்துல விளையுற கிராம்புக்கு கன்னியாகுமரி கிராம்புன்னு 2021-ல புவிசார் குறியீடே குடுத்தாச்சு. அது பூ இல்ல, பூ விரியறதுக்கு முன்னால பறிச்சு காய வைக்க மொட்டு. இதுக்கும் பாட்டா ஒரு சோதனை வச்சிருக்காரு, அதே கிளாஸ்ல நாலு கிராம்பு போட்டாரு, ரெண்டு தாழ்ந்துச்சு, ரெண்டு தலை மேலயும் வாலு கீழயுமா நட்டமா நின்னுச்சு. படுத்த வாக்குல மிதந்தா அதுல எண்ணெய வடிச்சு எடுத்துட்டு சக்கைய விக்கானுவன்னு அர்த்தமாம். வீட்டுல கிடந்த பாக்கெட் கிராம்ப போட்டுப் பாத்தேன், பாதிக்கு மேல படுத்துக்கிடந்துச்சு, இத்தன நாளா பிரியாணியில சக்கைய தான் போட்டுட்டு இருந்திருக்கோம்.

நான் நிக்கும்போதே எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல உள்ள பாறசாலை பக்கத்துல இருந்து வந்த ஒரு அக்கா கைப்பிள்ளையோட வந்து, பல்லு முளைக்குது, ராத்திரி முழுக்க கரைச்சல், கரயாம்பூ (கிராம்பு) எண்ணெய் இருந்தா தாங்கன்னு கேட்டாங்க. பாட்டா முடியவே முடியாதுன்னுட்டாரு. பிள்ளைங்க வயித்துக்குள்ள இது கொஞ்சம் போனாலும் ஈரல கெடுக்கும், சுத்தமான துணிய நனச்சு ஃபிரிட்ஜ்ல வச்சு குளிர்ந்த பொறவு கடிக்கக் குடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஒரு ரூவா யாவாரம் இல்ல. அவிய மலையாளத்துல கேட்டாவ, இவரு தமிழ்ல பதில் சொன்னாரு, ரெண்டு பேருக்கும் ஒரு தடங்கலும் இல்ல. எங்க எல்லையில இது சாதாரணம், சும்மா சொன்னேன்.

செரி எண்ணெய் எப்பிடி. அப்பிடியே வைக்கப்பிடாது, ஒரு டீஸ்பூன் தேங்காண்ணெய்ல ரெண்டு மூணு சொட்டு, காது குடையுற பட்ஸ்ல தொட்டு வலிக்க இடத்துல மட்டும் ஒத்தணும், எச்சில் ஊறினா முழுங்காம துப்பிரணும். முதல்ல எரிச்சல், கண்ணுல தண்ணி, பொறவு ஒரு நிமிசத்துல அந்தப் பக்கமே யாரோ ஸ்விட்ச் ஆஃப் பண்ணுன மாதிரி மரத்துப் போச்சு. எனக்கு ஒண்ணர மணி நேரம் நின்னுச்சு, தூங்குறதுக்கு அது போதும். இதுக்கு காரணம் யூஜினால்னு ஒரு சாமானம், கிராம்பு மொட்டு எண்ணெய்ல 100-க்கு 70-ல இருந்து 90 பங்கு வரைக்கும் அது தான், நரம்ப கொஞ்ச நேரம் மரக்க வைக்கும். அது பல்ல சரி பண்ணாது, வலிய மட்டும் மூடி வைக்கும். இது எனக்கு தெரியும், ஆனாலும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வலி இல்லாம உக்காந்து மீன்கறி சோறு தின்னும்போது திங்கக்கிழமை அப்பாயின்ட்மென்ட கேன்சல் பண்ணிரலாமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. பொண்டாட்டி மூஞ்சியப் பாத்து அடங்கிட்டேன்.

திங்கக்கிழமை பல்லு எடுத்தாச்சு. ஊசி போட்டு, ஈறு கீறி, பல்ல ரெண்டா வெட்டி எடுத்து, மூணு தையல், முக்கால் மணி நேரம். டாக்டரம்மா பொறுமையா எல்லாம் சொல்லித் தான் விட்டாங்க: பஞ்ச அரை மணி நேரத்துக்கு மேல கடிச்சு வை, இன்னைக்கு துப்பாத, கொப்பளிக்காத, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாத, சூடா ஒண்ணும் குடிக்காத, பீடி சிகரெட் கூடாது. அந்தக் குழியில ரத்தம் உறைஞ்சு ஒரு கட்டி உக்காரும், அது தான் பிளாஸ்திரி, அது போச்சுன்னா எலும்பு வெளிய தெரியும், அந்த வலி தாங்க மாட்டீங்கன்னு சொன்னாங்க. நான் தலைய ஆட்டினேன். மரத்த வாயோட யாரு சொல்லுறதும் காதுல ஏறாது பாத்துக்கிடுங்க.

முதல் நாள் எனக்கு நெசமாவே உதவுனது ரெண்டு, ரெண்டுமே கடையில வாங்கினது இல்ல. ஒண்ணு ஐஸ். ஃபிரிட்ஜ்ல இருந்த ஐஸ உடைச்சு ஒரு கவர்ல போட்டு பழைய துவர்த்துல (துண்டுல) சுத்தி கன்னத்துல 15, 20 நிமிசம் வைக்கது, அதே நேரம் விடுறது, திரும்ப வைக்கது, தூங்குற வரைக்கும் இதே வேலை. காசு இல்லாத மருந்து, ஆனா இத ஒழுங்கா செஞ்சதால வீக்கம் ஆரஞ்சுப்பழ அளவுல நின்னுச்சு, எனக்க மச்சினனுக்கு போன வருசம் பல்லு எடுத்தப்ப ஐஸ் வைக்காம மூஞ்சி பலாப்பழம் மாதிரி இருந்துச்சு. வீக்கம் ரெண்டாவது மூணாவது நாள் தான் உச்சிக்கு போகும், அதப் பாத்து பயப்பட வேண்டாம். ரெண்டு நாளைக்கு பொறவு ஐஸ் வேண்டாம், இளஞ்சூடா ஒத்தடம் குடுத்தா வாய் திறக்க லேசா இருக்கும்.

இன்னொண்ணு டீ பேக். சாயங்காலம் எச்சில்ல ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, பொண்டாட்டி கிளினிக்குக்கு போன் போட்டா, வீட்டுல டீ பேக் இருந்தா நனச்சு பிழிஞ்சு ஆற வச்சு அந்த இடத்துல கடிச்சுக்கிட சொல்லுங்கன்னு சொன்னாங்களாம். எங்க வீட்டுல சாயாப்பொடி தான், டீ பேக் யாரு வாங்குவா, பக்கத்து வீட்டு சவுதிக்காரன்ட்ட போய் வாங்கிட்டு வந்தா. சாயாவுல இருக்க துவர்ப்பு, டானின்னு சொல்லுவாங்க, அது ரத்தத்த உறைய வைக்கும். அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டு சீரியல் பாத்தேன், நின்னுருச்சு. கட்டஞ்சாயா குடிக்க முடியாத நாள்ல அத கடிச்சுக்கிட்டாவது இருந்தேன்.

இனி தான் நான் சொதப்பின கதை. எனக்க மாமியாரு வீடு பாறசாலைக்கு அந்தால, அவிய ராத்திரியே வந்துட்டாவ, கையில அரிமேதாதி தைலம். அது நல்ல சாமானம் தான், பல்லு ஈறுக்குன்னே உள்ள ஆயுர்வேத தைலம், நல்லெண்ணெய்ல மூலிகை போட்டு காச்சினது, கேரளாவுல வைத்தியசாலையில எல்லாம் கிடைக்கும், அவிய வீட்டுல காலங்காலமா வாயில ஊத்தி கொப்பளிக்க வழக்கம், அவியளுக்கு அறுவத்தஞ்சு வயசுல ஒரு பல்லு கூட ஆடல. செவ்வாய்க்கிழமை காலையில, பல்லு எடுத்து ஒரு நாள் கூட முழுசா ஆவல, "மோனே, இது வாயில கொண்டு நல்லா ஒண்ணு சுழற்று, வேதனை போவும்"னு நீட்டினாவ. மாமியாரு நீட்டினா வேண்டாம்னு சொல்ல முடியுமா. பத்து நிமிசம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சுழற்றி, கடைசியில வாஷ்பேசின்ல ஓங்கித் துப்பினேன். அதுல கருப்பா ஒரு துண்டு போனத நான் பாத்தேன், தைலத்துல உள்ள கசடுன்னு நெனச்சேன்.

அது கசடு இல்ல. அது தான் டாக்டரம்மா சொன்ன பிளாஸ்திரி.

புதன்கிழமை வரைக்கும் ஒண்ணும் தெரியல, மாத்திரையில ஓடிச்சு. வியாழக்கிழமை விடியகாலம் மூணு மணிக்கு முழிச்சா, பல்லு இருந்தப்ப இருந்த வலி எல்லாம் சும்மான்னு ஆயிருச்சு, தாடையில இருந்து காதுக்குள்ள போய் நெத்திப்பொட்டு வரைக்கும் ஒரே இழுப்பு, வாயில ஒரு கெட்ட நாத்தம் வேற. இதுக்கு ட்ரை சாக்கெட்டுன்னு பேரு, பொதுவா பல்லு எடுத்து மூணாவது நாலாவது நாள் தான் தலை காட்டும், கீழ் ஞானப்பல்லு எடுத்தவங்களுக்கும் சிகரெட் குடிக்கவங்களுக்கும் கூடுதலா வரும், இது எல்லாம் பொறவு தெரிஞ்சது. அப்ப எனக்கு தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, கிராம்பு எண்ணெய். குப்பி வீட்டுல எங்கயோ வச்சு காணல, எட்டு மணிக்கு பாட்டா கடை திறக்குறதுக்கு முன்னாலயே போய் படியில உக்காந்துட்டேன்.

பாட்டா வந்தாரு, ஷட்டர தூக்கினாரு, அதே கேள்வி. "பல்லு நிக்குதா, பறிச்சாச்சா?"

பறிச்சாச்சு பாட்டா, திங்கக்கிழமை.

"அப்ப இல்ல."

நான் கெஞ்சினேன், காசு கூட தாரேன்னு சொன்னேன், கோவத்துல என்னத்தையோ கூட சொல்லிட்டேன். அவரு அசையல. "நிக்க பல்லுக்கு மேல வைக்கது வேற, தொறந்து கிடக்க குழியில விடுறது வேற மக்களே. சதை வெந்து போவும். மூணாம் நாள் வலி கூடிச்சுன்னா அது நம்ம கடை சமாச்சாரம் இல்ல, டாக்டர் சமாச்சாரம், எந்திரிச்சு போ." அப்பிடியே சொல்லிட்டு ஊதுபத்தி கொளுத்த போயிட்டாரு.

நான் எங்க கேட்டேன். வீட்டுக்கு வந்து தேடி, அந்தக் குப்பி ஃபிரிட்ஜ் மேல இருந்துச்சு, தேங்காண்ணெய் கலக்கக் கூட பொறுமை இல்லாம பஞ்சுல தொட்டு குழிக்குள்ள வச்சுட்டேன். வலி அஞ்சு நிமிசம் நின்னது உண்மை. பொறவு எரிய ஆரம்பிச்சுது பாருங்க, பச்ச மொளகாய அரைச்சு வச்ச மாதிரி, கண்ணாடியில பாத்தா குழிய சுத்தி ஈறும் கன்னத்து உள்பக்கமும் வெள்ளையா வெந்துபோய் இருக்கு, தொட்டா தோல் உரியுது. ஒரு பூண்டுப் பல்ல நசுக்கி வச்சாலும் இதே கதி தான்னு டாக்டரம்மா பொறவு சொன்னாங்க, வலி மாத்திரைய ஈறுல ஒட்ட வைக்கவங்களையும் இப்பிடி வெந்த வாயோட பாத்திருக்காங்களாம்.

கிளினிக்ல என்ன செஞ்சாங்கன்னு கேளுங்க. குழிய சலைன் ஊத்தி கழுவினாங்க, பொறவு ஒரு சின்ன துணி நாடா மாதிரி ஒண்ண எதுலயோ முக்கி குழிக்குள்ள வச்சாங்க, வச்ச பத்தாவது நிமிசம் எனக்கு அழுக வந்துருச்சு, வலி போன சந்தோசத்துல. ஆனா வாய் முழுக்க ஒரு வாசனை, எனக்கு நல்லா தெரிஞ்ச வாசனை. டாக்டரம்மா இது கிராம்பு தானேன்னு கேட்டேன். சிரிச்சுட்டாங்க. ஆமா, இதுலயும் யூஜினால் தான், ஆனா அளவா, வேற சாமானத்தோட குழைச்சு, கழுவி சுத்தம் பண்ணின குழியில, ரெண்டு நாள்ல வந்து மாத்தணும்னு கணக்கு வச்சு வைக்கது, நீங்க வச்சது நேரடி நெருப்புன்னு சொன்னாங்க. பல் ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சாலே ஒரு வாசனை வரும்லா, அதுக்கும் காரணம் இதே தானாம், துத்தநாக ஆக்சைடு பொடியையும் யூஜினாலையும் குழைச்சு தற்காலிகமா பல்ல அடைக்கது ரொம்ப காலமா உள்ள முறை. பாட்டா டிராயர்ல இருக்கதும் டாக்டரம்மா டிரேயில இருக்கதும் ஒரே மரத்து சரக்கு, நான் தான் ரெண்டு பேரு சொன்னதையும் கேக்காம நடுவுல நின்னு வாயப் பொசுக்கிட்டேன்.

இன்னொரு விவரமும் அன்னைக்கு கிடைச்சுது. அந்த ஞானப்பல்லு இடிச்சு இடிச்சு அதுக்கு முன்னால இருக்க பல்லுல சொத்தை விழுந்திருக்கு, அத வெள்ளை சிமெண்ட் வச்சு அடைக்கணும், அதுக்கு வரும்போது கிராம்பு எண்ணெய் தொட்டுறாதீங்க, யூஜினால் பட்டா அந்த சிமெண்ட் சரியா இறுகாதுன்னு சொன்னாங்க. ஃபில்லிங்குக்கு முன்னால வலிக்குதுன்னு எண்ணெய் வச்சுட்டு போறவங்க டாக்டர்ட்ட மறைக்காம சொல்லிருங்க.

பொறவு உள்ள பத்து நாளும் என்னைய காப்பாத்தினது உப்புத்தண்ணி தான். ஒரு கிளாஸ் இளஞ்சூடு தண்ணிக்கு அரை டீஸ்பூன் கல்லுப்பு, சாப்பிட்டு முடிச்ச உடனேயும் படுக்கும்போதும். பல்லு எடுத்து 24 மணி நேரம் கழிஞ்சு தான் தொடங்கணும், அதுவும் கொப்பளிக்கப்பிடாது, வாயில தண்ணிய வச்சுக்கிட்டு தலைய பைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்க்கணும், துப்பாம வாயத் தொறந்து தானா விழ விடணும், பாக்க கேவலமா தான் இருக்கும், கதவ சாத்திக்கிடுங்க. அம்மை நடுவுல கொய்யா இலைய அவிச்ச தண்ணி குடுத்தா, துவர்ப்பா இருந்துச்சு, வாய் நாத்தத்துக்கு கொள்ளாம், வலிக்கு எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல. மஞ்சப்பால் ஆற வச்சு குடிச்சேன், நல்லா தூக்கம் வந்துச்சு, அது மஞ்சளாலயா பாலாலயா மாத்திரையாலயான்னு யாரு கண்டா. மஞ்சப்பொடிய குழியில அப்புன்னு ஒரு பெரியம்மை யோசனை சொன்னா, அதுக்குள்ள நான் திருந்திட்டேன், பொடி எதையும் தொறந்த குழியில போடப்பிடாது.

மாமியாருக்கு மனசு கேக்கல, ரெண்டாவது வாரம் அவிய வீட்டு கெணத்துக்கரையில இருந்து ஒரு செடி பறிச்சுட்டு வந்தாவ, மஞ்சளா பொத்தான் மாதிரி பூ, பல்லுவேதனைச் செடின்னு அங்க சொல்லுறது. அந்தப் பூவ சும்மா முன்பல்லால கடிச்சுப் பாத்தேன், நாக்குல கரண்டு அடிச்ச மாதிரி சுருசுருன்னு ஏறி, எச்சில் ஆறா ஊறி, பொறவு மரத்துப் போச்சு. ஸ்பிலாந்தால்னு ஒரு சாமானம் அதுல உண்டாம். சாதா பல்வலிக்கு கொள்ளாம், வேடிக்கை காட்டவும் கொள்ளாம், பல்லு பறிச்சவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், சவைக்கும்போது துணுக்கு போய் குழியில மாட்டினா வேற வேலை. தைலத்தப் பத்தி அவியட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. தையல் பிரிச்சு புண்ணு ஆறின பொறவு இப்ப நானும் டெய்லி காலையில அதே தைலம் தான் கொப்பளிக்கேன், நல்லா தான் இருக்கு, அது பேர்ல குத்தம் இல்ல.

சாப்பாட்டுக்கு சம்பா அரிசிக் கஞ்சி ஆற வச்சு, தொட்டுக்கிட பயறு நல்லா மசிச்சு. மட்டிப்பழம்னு ஒரு வாழைப்பழம், அது இல்லன்னா நான் மெலிஞ்சே போயிருப்பேன், நம்ம ஊரு மட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப பெருசா ஒண்ணும் தோணல, இப்ப தான் தெரியுது, கைப்பிள்ளைக்கு குடுக்க பழம்னு சும்மாவா சொன்னாங்க, நாக்காலயே நசுக்கி முழுங்கிரலாம். கருக்கு (இளநீர்) குடிக்கலாம், ஆனா கிளாஸ்ல ஊத்தி, ஸ்ட்ரா வேண்டாம்.

மாத்திரைய பத்தியும் சொல்லணும், இல்லன்னா இதப் படிச்சுட்டு யாராவது மாத்திரைய தூக்கிப் போட்டுட்டு கொய்யா இலைய அவிக்கப் போயிருவாங்க. டாக்டர் எழுதினது ஐபுப்ரோஃபெனும் பாரசிட்டமாலும், சாப்பிட்டுட்டு நேரம் தவறாம போட்டேன், நிசத்துல பாதி வேலைக்கு மேல அது தான் செஞ்சுது, இந்த நாட்டு மருந்து எல்லாம் அதுக்கு கை குடுக்குற ஆளுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை தின்னுறவங்க, எங்க அம்மை மாதிரி ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் போடுறவங்க, பல்லு எடுக்குறதுக்கு முன்னாலயே டாக்டர்ட்ட சொல்லணும், கிராம்பு எண்ணெயையும் அவங்கட்ட கேக்காம தொடப்பிடாது. காய்ச்சல் அடிச்சாலோ, ரத்தம் நிக்காம வந்தாலோ, வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ இறங்கினாலோ, தண்ணி முழுங்க கஷ்டமா இருந்தாலோ ஒரு எண்ணெயும் தேட வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி.

போன வாரம் மூணாவது தடவையா கடைக்கு போனேன், எனக்க கோவத்துக்கு ஒரு மன்னிப்பு கேக்கலாம்னு தான். பாட்டாக்கு என்னைய ஞாபகமே இல்ல, அப்பிடி எத்தனையோ பேரு காலையில படியில வந்து உக்காருவாங்க போல. அம்மைக்கு 100 கிராம் கிராம்பு வாங்கினேன், இந்த தடவையும் கேக்காமலேயே தண்ணியில போட்டு காட்டினாரு.

சாமானத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, விலைக்கு நாலு. ஞாயித்துக்கிழமை கடை இல்ல. ஜிபே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அத நம்பாதீங்க, பாலத்துக்கு கீழ நெட்டு எடுக்காது, சில்லறை கொண்டு போங்க.